வெயிலை நம்பாத கொட்டில்: விசுவமடுவில் ஒரு செத்தல் கூடாரம்

சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வட இலங்கையின் வன்னியில் மழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்யும் இடம் இது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் இறக்கிவிட்டு எங்களிடம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வரும். அந்தக் காற்றை நம்பித்தான் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை செத்தல் (காய்ந்த) மிளகாய், பினாட்டு (பனங்களியைக் காயவைத்தது), வடகம், கருவாடு, சிறுபோகம் என்ற கோடைப்போக நெல் எல்லாம் முற்றத்திலும் தெருவோரத்திலும் காய்கின்றன. ஒரு படங்கை (தார்ப்பாயை) விரித்தால் போதும். காயவைப்பதற்கென்று ஒரு கட்டடம் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் யோசித்ததே இல்லை.

இந்த முறை ஆடியிலேயே அந்தக் கணக்குப் பிழைத்தது. காலையில் வெயில் எறிக்கும். படங்கை விரிப்போம். பின்னேரம் கிழக்கே இருட்டும், பிறகு இடியும் மழையும். பெய்யாத நாட்களிலும் வானம் மூடியே கிடந்தது. மழை பெய்யும் நாளை விட இந்த மூட்ட நாட்கள்தான் மிளகாய்க்குக் கூடுதல் கேடு. மழை என்றால் அள்ளி உள்ளே போட்டுவிடுவோம். மூட்டம் என்றால் இப்போது வெளிக்கும், இப்போது வெளிக்கும் என்று விட்டுவைப்போம். பழம் காயவும் மாட்டாது, பச்சையாக இருக்கவும் மாட்டாது. காம்படியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், தோலில் மஞ்சள் திட்டு விழும். அப்படி விழுந்ததை வியாபாரி சாக்கைத் திறந்து பார்த்ததுமே தள்ளி வைத்துவிடுவார். வீட்டுக்கு இடித்துச் சாப்பிடலாம் என்று சிலர் வைத்துக்கொள்வார்கள். அதையும் செய்யக்கூடாது. ஈரத்தோடு கிடக்கும் மிளகாயிலும் கச்சானிலும் (நிலக்கடலையிலும்) வளரும் பூஞ்சணம் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் இடித்தாலும் அது முழுதாகப் போகாது, ஈரலைத் தாக்கும்.

இதில் ஒரு வேடிக்கை, இதே மழையைப் பார்த்துக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர்கள் சந்தோசப்பட்டார்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பதே குளத்தில் நிற்கும் தண்ணீரை வைத்துத்தானே. குளத்துக்கு நல்லது, களத்துக்குக் கூடாது.

ஒரு கோடை இப்படிப் போனால் விதி என்று விட்டுவிடலாம். ஆனால் பத்து வருடத்தை அடுக்கிப் பார்த்தால் அப்படி விட முடியவில்லை. 2016 மே நடுவில், மழையே எதிர்பாராத மாதத்தில், கிளிநொச்சியில் ஒரு நாளைக்குள் 350 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. ஒரு ஆண்டு மழையில் கால்வாசிக்கு மேல் ஒரே நாளில். அதற்குப் பின்னாலேயே 2016, 2017 வறட்சி. 2018 டிசம்பர் 21, 22 இல் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்துவிட, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் அடித்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. வன்னியில் மாடு குளிரில் சாகும் என்று சொல்லியிருந்தால் அதற்கு முதல்நாள் வரை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதையும் புரட்டிப் போட்டது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கிய அளவுக்கு, இறக்கும்போதும் மொத்தமாக இறக்கும். இனிமேல் பஞ்சாங்கம் பார்த்துப் படங்கு விரிக்க முடியாது.

அதனால் நான் தேடியது மூன்று குணம் உள்ள ஒரு கொட்டில். வெயில் எறித்தால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எறிக்காவிட்டால் நெருப்பில் வேலை செய்ய வேண்டும். புயல் வருகிறது என்றால் ஒரு பின்னேரத்துக்குள் கழற்றி உள்ளே வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சீமெந்துத் தூண், இரும்புச் சட்டம் என்று பெரிதாகக் கட்டி, முதற் புயலிலேயே கூரை பறந்து, தூண்கள் மட்டும் நிற்கும் கூடாரங்கள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. போரில் இடம்பெயர்ந்தபோது தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன சனம் நாங்கள். கழற்றுவதற்குத் தோதாகக் கட்டுவது எங்களுக்குப் புதிதா என்ன?

சட்டம்

பிவிசி குழாய் கடையில் 4 மீற்றர் நீளத்தில், அதாவது 13 அடிக்குச் சற்றுக் கூட வரும். அதை வெட்டாமல் அப்படியே வளைத்தால் என்ன அகலம் கிடைக்கும் என்று தாளில் கீறிப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்தேன். அகலம் ஆறரை அடி. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றரை அடி நேராக எழும்பி, அதற்குமேல் அரைவட்டமாக வளையும். நடு உயரம் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். துண்டு ஒன்றும் மிஞ்சாது. முக்கால் அங்குலக் குழாய் இந்த வளைவுக்கு ஒத்துக்கொள்ளும். அரை அங்குலம் காற்றில் ஆடும், ஒரு அங்குலத்தை வளைக்க இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டும்.

நீளம் 20 அடி. இரண்டரை அடிக்கு ஒன்றாக ஒன்பது வளையங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 மில்லிமீற்றர் கம்பியில் மூன்றடித் துண்டு. அதில் பாதி நிலத்துக்குள், பாதி வெளியே. குழாயை அந்தக் கம்பிமேல் செருகினால் சரி. ஒட்டுமில்லை, ஆணியுமில்லை. உச்சியில் நெடுக ஒரு குழாய், இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. எல்லாவற்றையும் நைலோன் கயிற்றால் கட்டினேன். கம்பி கொண்டு முறுக்கினால் அது பொலித்தீனைக் கிழிக்கும்.

எங்கள் செம்மண் ஈரமாக இருக்கும்போது கம்பி வெண்ணெயில் போவது போல் இறங்கும், அதே இலேசில் வெளியேயும் வரும். அதனால் இரண்டு முனை வளையங்களுக்கு மட்டும் அலவாங்கால் ஆழமாகக் குழி கிண்டி, கல்லும் மண்ணும் போட்டு இடித்து இறுக்கினேன். பக்கத்து வளவு மேசன் அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார்.

“உதென்ன தம்பி, பிள்ளையாருக்குத் தேர்க்கொட்டிலோ?”

“இல்லை அண்ணை, மிளகாய் காயப்போட.”

“மிளகாய்க்கு மாளிகை. நடக்கட்டும், நடக்கட்டும்.”

அப்படிச் சொன்னவர்தான் பிறகு அடுப்புக் கட்டும்போது கரணையோடு வந்து நின்றார்.

எந்தத் திசைக்கு நீட்டுவது என்பதில் நூல்களில் சொல்வதை அப்படியே எடுக்கக்கூடாது. தூர வடக்கு நாடுகளில் வெயில் சாய்ந்து விழும், அதனால் அங்கே கூடாரத்தைத் தெற்கே பார்க்கச் சாய்ப்பார்கள். நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில். சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆவணி நடுவை ஒட்டியும் நண்பகல் வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும். மிளகாயும் பினாட்டும் காயும் காலம் அந்த ஆவணிதான். ஆகவே வெயிலுக்காகச் சாய்க்க வேண்டியதில்லை, காற்றைப் பார்த்தால் போதும். சோழகம் தென்மேற்கிலிருந்து வரும். கொட்டிலின் ஒரு வாயைத் தென்மேற்குக்கும் மற்றதை வடகிழக்குக்கும் வைத்தேன். காற்று தானாகவே உள்ளே புகுந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு மறுபக்கத்தால் போகும்.

பொலித்தீனும் நிலமும்

பசுமைக் கூடாரங்களுக்குப் போடும் யூவி (புறஊதாக் கதிரைத் தாங்கும்) பொலித்தீன், 200 மைக்ரோன் தடிப்பு. சாதாரணக் கண்ணாடிப் பொலித்தீன் மலிவு, ஆனால் ஒரு கோடைக்குள் வெயிலில் பொரிந்து சருகாகிவிடும். யூவி போட்டது இரண்டு மூன்று வருடமாவது நிற்கும். 16 அடி அகலம், 30 அடி நீளம் எடுத்தால் பக்கத்துக்கும் முனைகளுக்கும் மடிக்கக் காணும்.

பிவிசி வெயிலில் சூடேறும். பொலித்தீன் அதைத் தொடும் கோட்டிலேதான் முதலில் கிழியும். ஒவ்வொரு வளையத்துக்கும் பழைய வெள்ளை வேட்டியைக் கீலம் கீலமாகக் கிழித்துச் சுற்றிவிட்டேன். அம்மா ஒரு சேலையையும் தந்தார். ஆனால் நிறச்சேலை வெளிறி மிளகாயில் சாயம் விடும் என்று பயந்து அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

பொலித்தீனைப் பிடிக்க, ஒரு அங்குலக் குழாயை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நெடுக ஒரு பக்கம் கீறி, ஓரத்தை அரத்தால் மழித்து, வளையத்தின்மேல் அமுக்கினேன். கவ்விக்கொள்ளும். கழற்ற வேண்டுமென்றால் நுனியில் பிடித்து இழுத்தால் வரும். அதற்கு மேலே குறுக்கு மறுக்காகக் கயிறு. தெற்குப் பக்கத்து ஓரத்தை மண் நிரப்பிய சாக்குகளின் கீழே வைத்தேன். வீட்டுப் பக்கத்து ஓரம் ஒரு நீளக் குழாயில் சுற்றியிருக்கும், பாய் சுருட்டுவது மாதிரிச் சுருட்டி ஏற்றலாம். தட்டுகள் அந்தப் பக்கத்தால்தான் உள்ளே போகும், வெளியே வரும்.

நிலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு மண் நாட்கணக்காக ஈரம் கக்கும். மேலே மூடிவிட்டு கீழே வெறும் நிலத்தை விட்டால், மிளகாயிலிருந்து எடுப்பதை விட நிலத்திலிருந்து வருவதைத்தான் கூடுதலாக வெளியேற்றிக்கொண்டிருப்போம். உள்நிலத்தை அரை அடி உயர்த்தி, கறுப்புப் பொலித்தீன் விரித்து, மேலே ஓரத்துக்கு ஓரம் செங்கல் வைத்தேன். கறுப்பு வெயிலை உறிஞ்சும், செங்கல் இரவில் கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

பிறகு வெளியே வாய்க்கால். இந்தக் கூரையின் பரப்பு 130 சதுர அடி, ஏறத்தாழ 12 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். வளிமண்டலவியல் திணைக்களம் “100 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை” என்று அறிவிக்கும் நாளில் இந்தச் சின்னக் கூரையிலிருந்து மட்டும் 1,200 லீற்றர் இரண்டு பக்கமும் வழியும். ஓரடி ஆழத்தில் இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி வாழைப் பாத்திக்குள் திருப்பினேன். அதே நேரத்தில் ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்து, நேரான பக்கத்தில் அடிமட்டத்தால் கோடு போட்டு ஒரு மழைமானியும் வைத்தாயிற்று. போத்தலின் அடியில் வளைவுகள் இருக்கும். அந்த உயரம் வரை தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சுழியம் தொடங்க வேண்டும்.

தட்டுகள்

இரண்டு வளையங்களுக்கிடையில் ஒரு தட்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம், இரண்டேகால் அடி அகலம். இலாச்சி இழுப்பது போல வெளியே இழுக்கலாம். சட்டத்துக்கு இரண்டுக்கு ஒரு அங்குலப் பலகை. அடியில் கடற்கரையிலிருந்து வந்த பழைய மீன்வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் நுளம்பு வலை. மீன்வலை பாரத்தைத் தாங்கும், நுளம்பு வலை மிளகாயைத் தாங்கும். வலையை முதலில் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்தலில் மீன்வாடை ஏறும். நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் தட்டுகள் நிற்கும்.

ஒரு தட்டில் ஐந்து கிலோ பழம், ஒரு படையாக. எட்டுத் தட்டுக்கும் 40 கிலோ. நல்ல பழத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். காய்ந்து முடிந்தால் 10 கிலோ செத்தல் வரும்.

அடுப்பு

கொட்டிலின் உயிரே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

மிளகாயில் புகை படக்கூடாது. புகை மணக்கும் செத்தலுக்கு விலை இல்லை. ஆகவே நெருப்பு வெளியே, புகை ஒரு குழாய்க்குள்ளால் கொட்டிலைக் கடந்து போக வேண்டும், குழாயின் சூடு மட்டும் உள்ளே இறங்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் நாலு அங்குல இரும்புக் குழாய் ஒன்று 20 அடியில் ஒரே நீளமாகக் கிடைத்தது. ஒரே நீளம் என்பதற்காகவே விலை பேசாமல் எடுத்தேன். கொட்டிலுக்குள் மூட்டு இல்லையென்றால் புகை கசிய வழியில்லை. கல்வனைஸ் பூச்சுள்ள குழாயை நெருப்புக்குக் கிட்டப் போடவேண்டாம். சூட்டில் துத்தநாகப் புகை வரும், அது மூச்சுக்குக் கூடாது. பெயின்ற் பூசிய குழாயானால் வெளியே வைத்து ஒருமுறை முழுதாக எரித்துவிட்டுப் பாவிக்க வேண்டும்.

குழாய் அடுப்புப் பக்கம் நிலத்திலிருந்து அரையடி உயரத்தில் தொடங்கி, மறுமுனையில் ஓரடிக்குச் சற்று மேலே முடிகிறது. அந்தச் சாய்வு இல்லையென்றால் புகை இழுக்காது. மறுமுனையில் எட்டடித் தகரப் புகைபோக்கி, மேலே மழைத்தொப்பி. அடுப்பு என்பது ஒரு எண்ணெய்ப் பீப்பாவைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, சுற்றிவர மேசன் அண்ணையின் கைவண்ணத்தில் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசியது. உமி சேர்த்தால் களிமண் வெடிப்பது குறைவு. அடுப்புக்கும் கொட்டிலுக்கும் இடையில் மூன்றடி இடைவெளியும் ஒரு மண்சுவரும் இருக்கின்றன. குழாய் உள்ளே நுழையும் முதல் நாலடிக்கு மேலே தகரம் கவிழ்த்து மண் போட்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் குழாய் நெருப்பாய்ச் சுடும், மேலேயுள்ள மிளகாய் கருகும்.

விறகு சிரட்டையும் பனைமட்டையும். 40 கிலோவில் 30 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு வேண்டிய சூடு நாலு கிலோ சிரட்டையில் இருக்கிறது என்று கணக்குச் சொல்லும். ஆனால் முக்கால்வாசி புகைபோக்கியாலும் பொலித்தீனாலும் போய்விடும். ஒரு சிறிய சாக்குச் சிரட்டை கிட்ட வைத்திருப்பது நல்லது.

எரியும்போது இரண்டு பக்கமும் மூடிய கொட்டிலுக்குள் தலையை விடக்கூடாது. குழாய் எங்காவது துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மணமில்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே நிற்கும். சுருட்டுப் பக்கத்தை உயர்த்திவிட்டுத்தான் தட்டை இழுப்பது.

மானி காட்டியது

சூடும் ஈரப்பதனும் காட்டும் சின்ன மானி ஒன்றை உள்ளே தொங்கவிட்டேன், ஒன்றை வீட்டுத் திண்ணையில். மூட்டமான ஒரு நாள், வெளியே 31 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம். உள்ளே நெருப்பில்லாமலே 40 பாகை, ஈரப்பதன் 50ஐ ஒட்டி. உள்ளே போனது அதே காற்று, அதில் இருந்தது அதே நீராவி. ஒன்பது பாகை சூடேற்றியதும் அது “இன்னும் தா” என்று கேட்கிற காற்றாக மாறிவிட்டது. வெயில் தெரியாத நாளிலும் வெளிச்சம் இருக்கிறது, வெளிச்சத்தில் சூடு இருக்கிறது. படங்கில் விரித்த மிளகாய்க்கு அந்தச் சூடு காற்றோடு போய்விடுகிறது, கொட்டில் அதைப் பிடித்து வைக்கிறது. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

இரவில்தான் நெருப்பின் அருமை தெரியும். மழை விட்ட இரவு, வெளியே 26 பாகை, ஈரப்பதன் 95. உள்ளே 36க்குக் கொண்டுவந்தால் ஈரப்பதன் 54க்கு இறங்கும். நெருப்பு இல்லாவிட்டால் பகலில் விட்ட ஈரத்தை மிளகாய் இரவில் திருப்பி இழுக்கும். அதனால் மழை இரவுகளில் சாமம் வரைக்கும் அடுப்பு, பிறகு இரண்டு வாயையும் மூடிக் கட்டிவிட்டுப் படுக்கை.

வெயில் கொளுத்தும் நாளில் தொல்லை மறுபக்கம். நண்பகலில் உள்ளே 60 பாகை இலேசாகத் தாண்டும். அதற்கு மேலே போனால் செத்தல் சிவப்பு மாறிக் கறுக்கும். அப்போது சுருட்டுப் பக்கத்தை ஒரு சாண் உயர்த்த வேண்டும். வடகிழக்கு வாயில் பழைய கணினியிலிருந்து கழற்றிய இரண்டு விசிறிகளை 20 வாற் சோலர் தட்டோடு பூட்டியிருக்கிறேன். வெயில் கூடினால் விசிறி தானாகவே வேகமெடுக்கும், மூடினால் அடங்கும். பற்றரியும் இல்லை, ஆளியும் இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டைப் பார்த்துத்தான் மருமகன் முதன்முதலாக என்னை மதித்தான்.

காய்ந்தவை

மிளகாயைப் பிடுங்கியதும் நேரே தட்டில் போடுவதில்லை. ஒன்றிரண்டு நாள் நிழலில் சாக்கில் குவித்து வைத்தால் அரைப்பழமும் முழுச் சிவப்பாகும். பிறகு தட்டு. குலுக்கினால் விதை கலகலவென்று கேட்க வேண்டும், காம்பு ஒடிய வேண்டும். காதை மட்டும் நம்பாமல் ஒரு தட்டை மட்டும் காலையும் மாலையும் தராசில் வைப்பேன். ஐந்து கிலோ ஒன்றேகால் கிலோவுக்கு வந்து, அடுத்த நாளும் அதிலேயே நின்றால் முடிந்தது. சூட்டோடு சாக்கில் கட்டக்கூடாது, உள்ளே வியர்க்கும். ஆறவிட்டுக் கட்டினேன். கொட்டிலில் காய்ந்ததும் முற்றத்தில் காய்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். தூசியில்லை, கோழி எச்சமில்லை, காம்படி சுத்தம்.

பினாட்டுக்குத்தான் நான் இதைப் பெரிதாக நம்பவில்லை. அம்மாவோ பனங்களியைப் பாயில் ஊற்றிக் கொட்டிலுக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். களியைத் தடிப்பாக ஊற்றினால் மேல்தோல் சூட்டில் இறுகி, கீழே ஈரம் சிறைப்பட்டுப் புளிக்கும். மெல்லிசாக ஊற்றி, அது காய்ந்த பிறகு அதன்மேல் அடுத்த படை என்று போனால் நன்றாக வருகிறது. சூட்டை 50க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். எறும்பும் குளவியும் இலையானும் இல்லாத பினாட்டு இதுதான் என்று அம்மா அயலுக்கெல்லாம் துண்டு துண்டாகக் கொடுத்தார். விற்க ஒன்றும் மிஞ்சவில்லை.

நெல்லைப் பற்றிப் பலர் கேட்டார்கள். 40 கிலோவுக்குக் கட்டிய இடத்தில் ஒரு ஏக்கர் நெல்லைக் காயவைக்க முடியாது. நெல் சந்தைப்படுத்தல் சபைக்குக் கொடுப்பதென்றால் 14 சதவீத ஈரத்துக்குள் வர வேண்டும். மழைக்காலத்தில் அறுத்து இயந்திரத்திலிருந்து நேரே கொட்டும் நெல் 20க்கு மேலே நிற்கும். அதற்கு வேறு அளவில் வேறு ஏற்பாடு வேண்டும். ஆனால் விதைநெல்லுக்கு இது பயன்படும். ஒன்று மட்டும் கவனம்: விதைநெல் 43 பாகைக்கு மேல் சூடு கண்டால் முளைத்திறன் போய்விடும். இரண்டு வாயையும் திறந்து, சுருட்டுப் பக்கத்தையும் பாதி உயர்த்தி, மானியைப் பார்த்துக்கொண்டே காயவைக்க வேண்டும். சோற்றுக்கு வைத்த நெல்லுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம்.

கழற்றும் ஒத்திகை

கட்டி முடித்த கையோடு ஒருமுறை கழற்றியும் பார்த்தோம். நானும் மருமகனும் மட்டும். கவ்விகளை ஒரு கடகத்தில் போட்டு, கயிறுகளை அவிழ்த்து, பொலித்தீனை ஈரமில்லாத நேரம் பார்த்து உருட்டி, தட்டுகளைத் திண்ணையில் அடுக்கி, வளையங்களைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்தி முடிக்கும்போது பொழுது படவில்லை. கம்பிகள் நிலத்திலேயே நிற்கும். ஒவ்வொன்றிலும் வெறும் போத்தலைக் கவிழ்த்துவிட்டேன். மாடும் பிள்ளைகளும் நடமாடும் வளவு. அடுப்பையும் இரும்புக் குழாயையும் புயல் ஒன்றும் செய்யாது. குழாயின் இரண்டு வாயையும் மட்டும் சாக்கால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நின்று துருப்பிடிக்கும், பாம்பும் குடியேறும்.

ஆவணியில் ஒரு பின்னேரம் வாடைப் பக்கமாகத் திடீரென்று திரும்பி அடித்த காற்றில் வடகிழக்கு வாயின் மடிப்பு கிழிந்தது. யூவி நாடா போட்டு ஒட்டியிருக்கிறேன், தாங்குகிறது. ஆனால் மழைக்காலக் காற்று முழுவதும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். அதனால் ஐப்பசி பிறந்ததும், புயல் அறிவிப்புக்குக் காத்திராமல், பொலித்தீன் இறங்கும். தைக்குப் பிறகு திரும்ப ஏறும், பனங்கிழங்கைப் பிளந்து ஒடியல் காயவைக்க.

இனிச் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. புகைபோக்கி குழாயோடு சேரும் முழங்கையில் களிமண் அடிக்கடி விடுகிறது, அங்கே இரும்பு முழங்கை ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். மழைத்தொப்பி சிறிது, சாய்ந்தடிக்கும் மழை உள்ளே போகிறது. மேசன் அண்ணை தன் வளவில் இதையே 40 அடிக்குப் போட விரும்புகிறார். 20 அடிக்கு மேலே ஒரே குழாயால் சூடு மறுமுனை வரை போகாது, இரண்டு அடுப்பு வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் நடுவில் ஒரு அடுப்பை வைத்து இரண்டு பக்கமும் குழாய் விடலாம் என்கிறார். நடுவில் அடுப்பு வைத்தால் அதன் இரண்டு பக்கத்திலும் மூன்றடி இடம் வெறுமையாக விட வேண்டி வரும். இருந்தாலும் புகை இரண்டு குழாய்க்கும் சமமாகப் பிரியுமா என்று பார்க்க, வருகிற கிழமை என் அடுப்பிலேயே ஒரு துண்டுக் குழாயைப் பூட்டி எரித்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.